மூழ்குபொறி: சொல் விளக்கம்

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கிணற்றில் வாளி அறுந்து விழுந்தால் பாதாளக் கரண்டி இரவல் வாங்க ஓடுவோம். வளையம் நிறையக் கொக்கி. கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால் வாளி மாட்டும். அதற்கே கண்ணும் விளக்கும் உந்துவிசிறியும் வைத்தால் ஆழ்கடல் ரோபோ.

இதை 'இயந்திர மனிதன்' என்கிறார்கள். பெட்டி மாதிரி இருப்பது எப்படி மனிதன் ஆகும்? 'ரோபோ' செக் மொழிச் சொல். கரேல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்துக்காக அவருடைய அண்ணன் யோசெப் எடுத்துக் கொடுத்தது. மூலம் 'ரோபோட்டா': பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய வேலை. சோழர் கல்வெட்டுகளில் இதற்கு நேர்ச்சொல்லே உண்டு, 'வெட்டி'. இப்போது வேலையே செய்யாதவனை அல்லவா வெட்டிப்பயல் என்கிறோம்! ரோபோவுக்கு அது ஒட்டாது.

சரி, 'பொறி'? மதுரை மதில்மேல் இருந்த கருவிகளை அடுக்கும் சிலப்பதிகாரம் 'வளைவிற் பொறி' என்கிறது; தானே வளைந்து எய்யும் வில் என்பது உரை. கூடவே 'சென்றெறி சிரல்', பகைவர் கண்ணைக் கொத்தும் மீன்கொத்திப் பொறி. தானாக இயங்குவதற்கு நம்மூர் மதிலிலேயே பெயர் இருந்திருக்கிறது. 'நீர்மூழ்கி' ஆள் ஏறும் கப்பலுக்குப் போய்விட்டதால், நான் மூழ்குபொறி என்பேன்.

கப்பலோடு வடத்தால் பிணைத்து, மேலிருந்து ஒருவர் ஓட்டுவது வடமூழ்குபொறி. வடம் என்றதும் சித்திரைத் தேர் நினைவுக்கு வரும். இந்த வடம் மின்சாரத்தையும் கட்டளையையும் இறக்கிப் படத்தை ஏற்றுகிறது. வடமில்லாமல், கொடுத்த தடத்தில் பேட்டரியில் ஓடித் திரும்புவது தானியங்கி மூழ்குபொறி. கடல்நீரில் ரேடியோ அலை தூரம் போகாது. நீருக்குள் அந்தப் பொறியோடு பேசுவதெல்லாம் ஒலியால்தான்.

இந்தப் பொறிக்கு ஒரு வேலை, கடலுயிர்களைக் காக்க ஒதுக்கிய காப்பகங்களில் மீன்களை எண்ணுவது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி ஆழம் குறைவு, முக்குளிப்பவரே பார்த்துவிடலாம். ஆழ்கடல் காப்பகத்தில் அது நடக்காது. 200 மீட்டர் தாண்டினால் வெயில் ஏறக்குறைய இல்லை. இழுவலை போட்டு எண்ணலாம்தான். ஆனால் காக்க வந்ததையே வாரிக் கொன்றதாகிவிடும். அதனால் பொறி ஆண்டுக்கு ஆண்டு அதே தடத்தில் ஊர்ந்து படம் பிடிக்கிறது, காப்பகத்துக்கு உள்ளேயும் வெளியேயும். இணையான இரண்டு லேசர் புள்ளிகள் மீன்மேல் விழும்; அவற்றின் இடைவெளி முன்பே தெரியுமாதலால் மீனின் நீளத்தைப் படத்திலேயே அளந்துவிடுகிறார்கள்.

இரைச்சல்தான் தொல்லை. கரும்பு எந்திரம் இரைந்தால் பக்கத்து நீரில் வாளைமீன் பிறழும் என்கிறது புறநானூற்று 322-ஆம் பாட்டு. கடலடியிலும் அதே கதை: விசிறிச் சத்தத்துக்குச் சில மீன் விலகும், விளக்குக்குச் சில மீன் கிட்டே வரும், எண்ணிக்கை பிசகும்.