டேங்க் நிறைந்தால் மட்டும் போதாது

வீட்டில் கருப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுகிறவர்கள் மெலிந்துபோன, அதாவது அடர்த்தி குறைந்த, நெகட்டிவ்களைக் கொண்டுவந்து காட்டுவதுண்டு. நேரம் சரி, வெப்பநிலை சரி, கேமரா மீட்டரும் சரி. ஆனால் வெள்ளைச் சட்டையும் வானமும் சப்பென்று கிடக்கும். நான் முதலில் கேட்பது, தண்ணீர் சேர்ப்பதற்கு முன் எத்தனை மி.லி. டெவலப்பர் (ஃபிலிமில் படத்தை வெளிக்கொணரும் மருந்து) எடுத்தீர்கள் என்பதைத்தான். பெரும்பாலும் ‘300 மி.லி. ஊற்றினேன்’ என்று பதில் வரும். அது கலவையின் மொத்த அளவு. டேங்கில் ஃபிலிம் சுற்றிய ரீல் மூழ்க அது போதும். அதற்குள் இருக்கும் மருந்து ஒரு ரோலுக்குப் போதுமா என்பது வேறு கணக்கு.

ஃபிலிமில் ஒளிபட்ட வெள்ளி ஹாலைடை (ஒளியை உணரும் வெள்ளி உப்பை) வெள்ளியாக மாற்றும்போது டெவலப்பர் செலவாகிறது. கூடவே புரோமைடு வெளியேறி, வேலையை மந்தமாக்குகிறது. ஒளி அதிகம் பட்ட இடத்தில்தான் செலவும் அதிகம் என்பதால், மருந்து போதாவிட்டால் முதலில் அடிபடுவது பிரகாசமான பகுதிகள். நிழல்கள் ஓரளவு வந்துவிடும். அதனாலேயே பலர் டெவலப்பரைச் சந்தேகிக்காமல் கேமராவைக் குறை சொல்கிறார்கள். பனி, கடற்கரை, வெளுத்த வானம் என்று நிறைந்த ரோலில் பாதிப்பு இன்னும் கூடுதலாகத் தெரியும்.

கோடாக்கின் எக்ஸ்டால் டெவலப்பரை எடுத்துக்கொள்வோம். ஒரு ரோலுக்குக் குறைந்தது 100 மி.லி. ஸ்டாக் (மேலும் நீர்க்காத மூலக் கரைசல்) வேண்டும் என்பது கோடாக் சொல்லும் அளவு. 1+3 கலவையில் (ஒரு பங்கு ஸ்டாக், மூன்று பங்கு தண்ணீர்) 300 மி.லி. தயாரித்தால் அதில் இருப்பது 75 மி.லி.தான், 400 மி.லி. கலந்தால்தான் கணக்கு நேராகும். ரோடினால் என்ற டெவலப்பர் 1+100 என்றால் 300 மி.லி.யில் ஏறக்குறைய 3 மி.லி. மட்டுமே. நான் ரோலுக்கு 5 மி.லி.க்குக் கீழே போகமாட்டேன், அதனால் மொத்தக் கலவை 500 மி.லி.யைத் தாண்டும். டி-76 என்ற டெவலப்பரை 1+1 கலந்து, சுமார் 240 மி.லி.யில் ஒரு ரோலைக் கழுவினால் நேரத்தை 10 சதவீதம் கூட்டச் சொல்கிறது கோடாக். 36 பட 35 மி.மீ. ரோலுக்கும் அதைவிட அகலமான ஒரு 120 ரோலுக்கும் பரப்பளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே மருந்தும் அதே அளவு. இரண்டு ரோல் போட்டால் இரட்டிப்பு.

சரி, ஏற்கெனவே மெலிந்த நெகட்டிவ் கையில் இருந்தால்? ஓரத்தில் இருக்கும் எண்களையும் எழுத்துகளையும் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே ஒளி காட்டி வைத்தவை. அவையும் மங்கியிருந்தால் குறை டெவலப்பிங்கில். அவை அடர்ந்து, படம் மட்டும் மெலிந்திருந்தால் எடுக்கும்போதே ஒளி போதவில்லை. ஃபிக்ஸர் (மீதி வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கும் மருந்து) பட்ட பிறகு அந்த ஃபிலிமை மறுபடி டெவலப் செய்ய வழியில்லை.

அதிகம் நீர்த்த கலவைதான் பிடிக்கும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் பெரிய டேங்கில். ஃபிலிம் சுற்றிய ரீலை அடியில் வைத்து, மேலே ஒரு காலி ரீலைப் போட்டால் அது நகராது. அப்புறம் தேவையான அளவுக்கு ஊற்றிக்கொள்ளலாம்.