புகைபோக்கி இல்லாத போர்க்கப்பல்

டர்பனில் சால்ஸ்பரி தீவு என்றால் தென்னாப்பிரிக்க இந்தியரான நம்மில் மூத்தவர்களுக்குப் படிப்புதான் நினைவுக்கு வரும். 1961இல் இந்தியருக்கென்று தனியாக ஒதுக்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, கடற்படையின் பழைய கட்டடங்களில், அங்கேதான் தொடங்கியது. இன்று அந்தத் தீவு மறுபடியும் கடற்படைத் தளம். கேப்டவுன் பக்கத்துக் கடற்படைத் தளமான சைமன்ஸ்டவுனிலிருந்து ஃபிரிகேட் என்ற நடுத்தரப் போர்க்கப்பல் ஏதாவது வந்து அங்கே நின்றால் எல்லார் கண்ணும் முதலில் பீரங்கி மேல்தான் போகும். கொஞ்சம் நடுப்பகுதியையும் பாருங்கள். 121 மீட்டர் நீளம், சுமார் 3,700 டன் எடையுள்ள அந்தக் கப்பலில் புகைபோக்கியே கிடையாது. அது ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டே போனால் கப்பலின் வடிவமைப்பில் பாதி புரிந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவிடம் இந்த வகையில் நான்கு கப்பல்கள் இருக்கின்றன: அமட்டோலா, இசாண்ட்லவானா, ஸ்பியன்கோப், மெண்டி. 1999 ஆயுத ஒப்பந்தத்தில் வாங்கியவை. அந்த ஒப்பந்தம் கிளப்பிய ஊழல் வழக்குகள் தனிக் கதை. ஸ்பியன்கோப் என்ற பெயர் நமக்கும் சொந்தம்தான். 1900 ஜனவரியில் அந்தப் பெயருள்ள குன்றில் ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் நடந்த போரில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தது காந்தி சேர்த்த இந்தியர் படை. அந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

சரி, புகைபோக்கிக்கு வருவோம். கப்பலைத் தேடி வரும் ஏவுகணைகளில் ஒரு வகை வெப்பத்தைப் பார்த்து வரும். சூடான பொருள் எதுவானாலும் அகச்சிவப்புக் கதிர்களை வீசும். அந்த வீச்சு வெப்பநிலையோடு நேராக ஏறுவதில்லை, கெல்வின் கணக்கில் அதன் நான்காம் மடியாக ஏறுகிறது. 60 டிகிரி செல்சியஸில் இருக்கும் உலோகத்தைவிட 500 டிகிரியில் இருக்கும் அதே அளவு உலோகம் சுமார் 29 மடங்கு வீசும். குளிர்ந்த கடலின் நடுவே, உயரத்தில், பழுக்கக் காய்ந்த புகைபோக்கி இருந்தால் ஏவுகணைக்கு வேறு அடையாளமே வேண்டாம்.

அதனால் இந்தக் கப்பல்களில் புகை மேலே போவதில்லை. இயந்திரங்களின் கழிவு வாயு கிடையாகப் போகும் குழாய்கள் வழியாக, நீர்மட்டத்தை ஒட்டி வெளியேறுகிறது. வெளியேறும் முன் அதன் மேல் கடல்நீரைத் தெளிக்கிறார்கள். இங்கே வேலை செய்வது நீரின் ஆவியாகும் வெப்பம். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறக்குறைய 2,260 கிலோஜூல் தேவை; அதைச் சூடான வாயுவிடமிருந்தே அது பிடுங்கிக்கொள்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய கேஸ் டர்பைன் (எரிந்த வாயுவின் வேகத்தில் சுழலும் இயந்திரம்) ஒன்று முழு வேகத்தில் விநாடிக்கு 60 கிலோ வாயுவை 500 டிகிரியில் கக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 100 டிகிரிக்கு இறக்க விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் நீர் ஆவியானால் போதும். சுற்றிலும் இருப்பது கடல், நீருக்கா பஞ்சம்!

இன்னொரு லாபமும் உண்டு. புகைபோக்கியும் அதற்குக் கீழே தளம் தளமாக இறங்கும் தடித்த குழாய்களும் கப்பலின் மிக நல்ல இடத்தை அடைத்துக்கொள்பவை. அவை போனதும் நடுப்பகுதி காலியாகிறது. ரேடார், ஆன்டெனா எதிலும் கரி படிவதில்லை.

ஆனால் புகையைக் கீழே அனுப்ப இயந்திர அமைப்பு அதற்கு இடம் கொடுக்க வேண்டும். எனக்கு இந்தக் கப்பலில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 மெகாவாட் தரும் இரண்டு டீசல் இயந்திரங்கள் நீருக்கடியில் கப்பலை உந்தும் இரண்டு சுழல்விசிறிகளைச் சுற்றுகின்றன. 20 மெகாவாட் கேஸ் டர்பைன் ஒன்று தனியாக இருக்கிறது. அது விசிறியைச் சுற்றுவதில்லை. பின்பக்கம் நடுவில் உள்ள ஒரு பெரிய பம்பை ஓட்டுகிறது. பம்பு கப்பலின் அடியிலிருந்து நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சுகிறது.

இப்படிப் பிரித்ததற்குக் காரணம் வேகத்தின் விலை. கப்பலுக்குத் தேவையான திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடியாக ஏறும். மணிக்கு 16 கடல்மைலிலிருந்து 28க்குப் போக ஐந்து மடங்குக்கு மேல் திறன் வேண்டும். ஆனால் ரோந்துக் கப்பல் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மெதுவாகத்தான் ஓட்டும். அப்போது ஒரே டீசல் இயந்திரம் இரண்டு விசிறிகளையும் சுற்றும்படி பற்சக்கரப் பெட்டி அமைந்திருக்கிறது. அவசரம் வந்தால் மட்டும் டர்பைன். அது ஓடாதபோது சும்மா தொங்கி நீரை எதிர்க்கும் மூன்றாவது விசிறி எதுவும் கீழே இல்லை.

வெப்பத்தை மறைத்தாயிற்று, ரேடாரை என்ன செய்வது? கேரம் பலகையின் மூலைக்குப் பக்கத்தில் அடித்த காய் இரண்டு பக்கமும் பட்டு, வந்த திசைக்கு இணையாகவே திரும்பும் இல்லையா? செங்குத்தான கப்பல் சுவரும் தட்டையான கடலும் சேர்ந்தால் ரேடார் அலைக்கு அதுதான் நடக்கிறது. அதனால் இந்தக் கப்பலின் பக்கங்கள் எங்கேயும் நேராக நிற்பதில்லை. ஒரு மட்டம் வெளியே சாய்ந்தால் அடுத்தது உள்ளே சாயும். அலை தெறித்து வேறெங்கோ போய்விடும். இதற்குத் தனி இயந்திரம் எதுவும் வேண்டாம், இரும்புத் தகடு நிற்கும் கோணமே போதும்.

கப்பல்களைக் கட்டியது ஜெர்மனியில், ஹாம்பர்க், கீல் நகரங்களில். ஆனால் அங்கே கட்டியது உடலும் இயந்திரமும்தான். அமட்டோலா 2003 நவம்பரில் சைமன்ஸ்டவுன் வந்தபோது போருக்குத் தயாரான கப்பலாக வரவில்லை. ஆயுதங்களும் அவற்றை இயக்கும் மின்னணு அமைப்புகளும் இங்கேதான் ஏறின. உம்கோண்டோ விமான எதிர்ப்பு ஏவுகணையும் 35 மில்லிமீட்டர் பீரங்கியும் தென்னாப்பிரிக்கத் தயாரிப்புகள். மெக்கோ என்ற இந்த வடிவமைப்பு முறையில் ஆயுதத்துக்கும் கருவிக்கும் அளவெடுத்த இடங்களை முன்பே விட்டுவைப்பார்கள். வாங்கும் நாடு தனக்கு வேண்டியதைப் பொருத்திக்கொள்ளலாம். பழையதைக் கழற்றிப் புதியதை வைக்கக் கப்பலை வெட்டிக் கிழிக்கும் வேலையும் குறைகிறது.

இத்தனை கெட்டிக்காரத்தனத்துக்கும் விலை உண்டு. உப்புநீரும் சூடான கழிவு வாயுவும் கலந்து ஓடும் குழாய் அரிப்புக்கு விருந்து. உயர்ந்த உலோகம் வேண்டும், அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். நீர்மட்டத்தை ஒட்டிய வாய் வழியே அலை உள்ளே ஏறி இயந்திரத்தைத் தொட்டுவிடாமலும் காக்க வேண்டும். பணமில்லாமல் இந்தக் கப்பல்களின் பெரிய பராமரிப்பு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. துறையில் சும்மா நிற்கிற கப்பலையும் உப்பு அரித்துக்கொண்டேதான் இருக்கும்.