பக்ஸ் பன்னியின் காலடியும் வயலின் தந்தியும்

"கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னி பதுங்கிப் பதுங்கி நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் சரியாக ஒரு வயலின் தந்தியைச் சுண்டுகிறார்களே, இசைக்குழு திரையைப் பார்த்துக்கொண்டே வாசித்ததா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

திரையைப் பார்த்து வாசித்தால் சரிப்படாது. காலடியைக் கண்டு, மூளை கைக்குச் சொல்லி, விரல் தந்தியைத் தொடுவதற்குள் முயலின் கால் தரையில் பட்டு முடிந்திருக்கும்.

1936 முதல் 1958 வரை வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களுக்கு இசையமைத்தவர் கார்ல் ஸ்டாலிங். பேசாப் பட காலத்தில் கான்சஸ் சிட்டி திரையரங்குகளில் படம் ஓட ஓட வாசித்துப் பழகிய கை அது. இந்தப் படங்களும் திரையரங்குக்காக எடுத்தவைதான். தொலைக்காட்சிக்கு அப்புறம்தான் வந்தன.

ஃபிலிம் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள்) ஓடும். படம் வரைவதற்கு முன்பே இயக்குநர் முடிவு செய்துவிடுவார்: இந்த நடைக்கு அடிக்கு 12 சட்டம். அதாவது அரை நொடிக்கு ஒரு அடி, நிமிடத்துக்கு 120. ஓட்டமா, 8 சட்டம், நிமிடத்துக்கு 180. இதே எண்தான் வரைபவரின் தாளுக்கும் போகும், ஸ்டாலிங்கின் தாளுக்கும் போகும். காலடியும் சுரமும் ஒரே அளவுகோலில் அளந்து வெட்டியவை.

சரி, அந்தக் கணக்கு வயலின்காரரின் காதுக்கு எப்படிப் போகும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஃபிலிமின் ஓரத்தில் ஒலிக்கென்று ஒரு மெல்லிய பட்டை உண்டு. விளக்கொளி அதை ஊடுருவி, ஒளியை மின்சாரமாக்கும் ஒளிமின்கலத்தில் விழும். அந்த ஒளியின் ஏற்ற இறக்கமே ஒலியாகிறது. எதுவும் பதியாத கறுப்பு ஃபிலிமை எடுத்து, அந்தப் பட்டையில் 12 சட்டத்துக்கு ஒரு துளை போடுங்கள். துளை விளக்கைக் கடக்கும்போது ஒளி சட்டென்று பாய்ந்து அடங்கும். 'டிக்'. அடுத்த துளை, அடுத்த 'டிக்'. கிளிக் டிராக் என்பது இதுதான். கலைஞர்கள் ஹெட்ஃபோனில் இதைக் கேட்டபடி வாசிப்பார்கள். வேகத்தை அரைக்கால் சட்டம், அதாவது ஒரு சட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வரை நுணுக்கலாம். ஒரு நொடியில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு! ஒரு துளைக்குள் இவ்வளவு துல்லியத்தை அடைத்தவர்களை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

இந்தத் துல்லியம் ஏன் அவ்வளவு இனிக்கிறது? 1997இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு சோதனை வெளியானது. திரையில் இரண்டு வட்டங்கள் எதிரெதிரே வந்து, ஒன்றையொன்று கடந்து போகின்றன. சத்தமில்லாமல் பார்த்தால் பெரும்பாலும் கடந்து போவதாகவே தெரியும். சந்திக்கும் கணத்தில் சின்னதாக ஒரு ஒலி சேர்த்தால், மோதித் திரும்புவதாகவே பலருக்கும் தெரிகிறது. கண் பார்த்ததற்குக் காது பொருள் சொல்கிறது. வட்டங்களை உருட்டிப் பார்க்கவா வரிப்பணம் என்று கேட்பவர்கள் உண்டு. இதுபோன்ற அடிப்படைக் கேள்விகளுக்குத்தான் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

போன மாதம் வீட்டில் ஒரு பழைய பக்ஸ் பன்னி படத்தைப் புளூடூத் ஸ்பீக்கரில் போட்டேன். ஏனோ எதுவும் ஒட்டவில்லை. ஸ்பீக்கர் ஒலியைத் தாமதமாகத் தந்துகொண்டிருந்தது. நான்கு சட்டம் பிந்தினாலே, சுண்டும் ஒலி இரண்டு காலடிகளுக்கு நடுவே அந்தரத்தில் விழும். வயரைச் செருகினேன், முயலின் பாதம் மறுபடி தரையைத் தொட்டது.