கையால ஓட்டினா ஓடுது, க்ரான்ல ஓடல

"கையால ஓட்டினா ஓடுது அண்ணா, க்ரான்ல போட்டா மட்டும் ஊத்திக்குது." மழைக்கால ராத்திரி, வேளச்சேரியில் எங்கள் தெருவில் முட்டியளவு தண்ணீர். வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பியிடமிருந்து போன். விஷயம், அவன் எழுதிய பேக்கப் ஸ்கிரிப்ட். குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டிவிடும் வசதிதான் க்ரான்.

ஸ்கிரிப்ட் ஓடும்போது பதிவான லாக்கின் கடைசி இருபது வரியை அனுப்பியிருந்தான். எல்லாமே "நாட் ஃபவுண்ட்". ஒவ்வொன்றிலும் ஒரு ஃபங்ஷன் பெயர். பொது ஃபங்ஷன்களைத் தனி ஃபைலில் வைத்து, ஸ்கிரிப்டின் ஆரம்பத்திலேயே 'சோர்ஸ்' போட்டு இழுத்திருந்தான். ஒரு மணி நேரமாக அந்த ஃபைலைத்தான் குடைந்துகொண்டிருந்தானாம். "லாக்க மேலேருந்து படிப்பா" என்றேன். முதல் வரியிலேயே கிடந்தது: "சோர்ஸ்: நாட் ஃபவுண்ட்".

க்ரான்டேப்பில், அதாவது எதை எப்போது ஓட்டவேண்டும் என்று க்ரானுக்குச் சொல்லும் பட்டியலில், ஸ்கிரிப்ட் பெயருக்கு முன்னால் 'எஸ்ஹெச்' என்று எழுதியிருந்தான். உபுண்டு லினக்ஸில் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்தே அந்தப் பெயரில் ஓடுவது டேஷ், பேஷ் அல்ல. இரண்டுமே ஷெல்கள், அதாவது ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டும் ப்ரோக்ராம்கள். ஸ்கிரிப்டின் தலையில் பேஷ் என்று எழுதியிருந்தாலும், இப்படிக் கூப்பிட்டால் அந்த வரி வெறும் கமென்ட்தான். டேஷுக்கு 'சோர்ஸ்' தெரியாது, அதே வேலைக்கு ஒற்றைப் புள்ளிதான் தெரியும். தெரியாத கமாண்டுக்கு 127 என்ற எண்ணைத் திருப்பிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் அடுத்த வரிக்குப் போய்விடும். வில்லங்கமே இங்கேதான். பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகி, பயன்படுத்தும்படி இணைந்திருக்கிறதா என்று பார்க்கும் ஃபங்ஷனும் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வரி, பழைய பேக்கப்பை அழிப்பது! நல்லவேளை, அழிப்பதும் அதே ஃபைலில் ஒரு ஃபங்ஷனாக இருந்ததால் அதுவும் "நாட் ஃபவுண்ட்".

'செட் மைனஸ் இ' போட்டிருந்தால் முதல் தவறிலேயே நின்றிருக்கும். கட்டாயம் போடுங்கள், ஆனால் அதை நம்பித் தூங்காதீர்கள். ஒரு ஃபங்ஷனை 'இஃப்' நிபந்தனையில் வைத்துக் கூப்பிட்டால், அதற்குள் எது தோற்றாலும் ஸ்கிரிப்ட் நிற்காது. இன்னொன்று 'லோக்கல்'. மாறியை அறிவிக்கும் அதே வரியில் ஒரு கமாண்டின் விடையையும் வாங்கினால், கமாண்ட் தோற்றாலும் 'லோக்கல்' தன் பங்குக்கு வெற்றி என்று சொல்லிவிடும். அறிவிப்பை ஒரு வரியிலும் விடை வாங்குவதை அடுத்த வரியிலும் எழுதுங்கள். நான் இதில் இரண்டு முறை மாட்டியிருக்கிறேன்.

ஷெல்லே செத்துப்போகும் கேஸ் அபூர்வம். எனக்கு வந்தது என் சொந்தக் கைங்கரியம். லாக்கில் நேரம் அழகாக வரட்டும் என்று 'டேட்' என்றே ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்குள் அசல் 'டேட்' கமாண்டைக் கூப்பிட்டேன். கூப்பிட்டதாக நினைத்தேன். ஒரே பெயரில் இரண்டும் இருந்தால் ஷெல் ஃபங்ஷனைத்தான் எடுக்கும். டேட் டேட்டைக் கூப்பிட, அது மறுபடி தன்னையே கூப்பிட, இந்த அழைப்புகளைக் குறித்துவைக்கும் மெமரியான ஸ்டாக் தீர்ந்து செக்மென்டேஷன் ஃபால்ட், ஷெல் அங்கேயே காலி. திரும்பி வந்த எண் 139. இப்படி 128-ஐத் தாண்டிய எண் வந்தால் 128-ஐக் கழித்துப் பாருங்கள், பெரும்பாலும் ப்ரோக்ராமை நிறுத்திய சிக்னலின் எண் கிடைக்கும். இங்கே 11. இதுவே 137 என்றால் 9, யாரோ கொன்றிருக்கிறார்கள். மெமரி தீர்ந்து, சிஸ்டத்தின் மையமான கர்னலே கொன்றதா என்று முதலில் பார்ப்பேன்.

சரி, தீர்வு? ஃபங்ஷனுக்குள் 'டேட்' என்பதற்கு முன்னால் 'கமாண்ட்' என்று சேர்த்தால் போதும், அசலையே கூப்பிடும். பேஷ் 4.2 முதல் 'ஃபங்க்நெஸ்ட்' என்றொரு மாறியும் உண்டு. அதற்கு 100 என்று கொடுத்துவைத்தால், ஷெல் சாவதற்குப் பதில் எந்த ஃபங்ஷன் எல்லை மீறியது என்று பெயரோடு சொல்லும்.