49 வயதுப் பெண்கள் எங்கே போனார்கள்?

குடும்பக் கணக்கெடுப்புத் தரவு கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது வயது வரைபடத்தை. பெண்களின் எண்ணிக்கை 48, 49 வயதில் சட்டென்று சரிந்து, 50, 51-இல் மறுபடி மேடு தட்டினால் விஷயம் புரிந்துவிடும். அந்தக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களிடம் தனியாக ஒரு நீண்ட பேட்டி இருந்திருக்கும். 50 என்று போட்டுவிட்டால் அந்தப் பேட்டி கிடையாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடுப்பூசி, வயிற்றுப்போக்கு, எடை, உயரம் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி இருந்தாலும் இதேதான். குழந்தைகள் கொஞ்சம் சீக்கிரமே ஐந்தைத் தாண்டிவிடுவார்கள். பல நாடுகளின் மக்கள்தொகை, நலவாழ்வுக் கணக்கெடுப்புகளில் ஆய்வாளர்கள் இந்த வயது நகர்வைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

களப்பணியாளரைத் திட்டுவது எளிது. ஆனால் அவர் நிலையில் நின்று பாருங்கள். மதியம் இரண்டு மணி, இன்னும் மூன்று வீடு பாக்கி. அந்த அம்மாவுக்கே தன் வயது சரியாகத் தெரியாது, "ஐம்பது இருக்கும்ல?" என்கிறார். 49 என்று போட்டால் ஒரு மணி நேர வேலை. 50 என்றால் அடுத்த வீடு. எந்த விடை லாபம் என்பதைச் சில நாட்களில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது படிவம்தான்.

கணினி வழிப் பேட்டி இந்தியாவுக்குப் புதிதல்ல. 2015-16இல் நடந்த நான்காவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பிலேயே காகிதத்தை விட்டுவிட்டுச் சிறு மடிக்கணினிக்கு மாறினார்கள். தொழிலாளர் கணக்கெடுப்பு 2017 முதல் டேப் எனப்படும் தொடுதிரைக் கையடக்கக் கணினியில் நடக்கிறது. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கைபேசிச் செயலியில்தான். தொண்டு நிறுவனங்களும் முனைவர் பட்ட மாணவர்களும் ஓடிகே, கோபோ, சிஎஸ்ப்ரோ என்று ஏதாவது ஒரு கணக்கெடுப்பு மென்பொருளை இலவசமாக இறக்கிப் பயன்படுத்துகிறார்கள். எக்செல் தெரிந்த எவரும் ஒரே மாலையில் படிவம் செய்துவிடலாம். சிக்கலும் அங்கேதான். காகிதப் படிவத்தை அப்படியே திரையில் ஏற்றிவிட்டு, விதிமீறலுக்குச் சிவப்பில் ஒரு எச்சரிக்கையும் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்தத் திரையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியவரை மறந்துவிடுகிறோம்.

வாசல் கேள்விகளில் இருந்தே தொடங்கலாம். "ஆமாம்" என்றால் பதினைந்து கேள்வி திறக்கும், "இல்லை" என்றால் ஒன்றும் திறக்காது என்கிற வகைக் கேள்விகள். கடன் இருக்கிறதா, மருத்துவமனையில் சேர்ந்தீர்களா, கால்நடை இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கேட்டு உடனே அதன் விவரத்துக்குள் நுழைந்தால், மூன்றாவது கேள்வியிலேயே பதில் சொல்பவர் சூட்சுமத்தைப் பிடித்துவிடுவார். அதற்குமேல் எல்லாமே "இல்லை"தான். வாசல் கேள்விகளை முதலில் வரிசையாகக் கேட்டு முடித்துவிட்டு, பிறகு விவரங்களுக்குள் போவதுபோல அமைத்தால் பதில் சொல்பவரிடமாவது இது குறையும். பேட்டி எடுப்பவருக்கு முழுப் படிவமும் தெரியும் என்பதால் அவரிடம் இது பலிக்காது. அவருக்கான மருந்து வேறு: வயதை மட்டும் கேட்காமல் பிறந்த ஆண்டையும் கேளுங்கள், குடும்ப உறுப்பினர் பட்டியல் முடிந்து மூடிய பிறகே யாருக்குப் பேட்டி என்பதைத் திரை சொல்லட்டும், பெரிய குடும்பம் கிடைத்த அன்று வீட்டு எண்ணிக்கை குறைந்தால் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். கடைசியாகச் சொன்னது செயலியில் இல்லை என்றாலும் தரவைக் காப்பாற்றுவதில் அதற்குத்தான் பெரிய பங்கு.

அடுத்தது, நிரலர்கள் பெருமையாகச் சொல்லும் கட்டுப்பாட்டு விதிகள். தாய்க்கும் பிள்ளைக்கும் குறைந்தது 12 வயது வித்தியாசம் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் மூத்தாள் இறந்தபின் வந்த சித்திக்கு 31 வயது, பையனுக்கு 25. அவன் அவரை அம்மா என்றுதான் சொல்வான், களப்பணியாளரும் அப்படித்தான் எழுதுவார். திரை "பிழை: தவறான மதிப்பு" என்று நின்றுவிடும், அடுத்த பக்கம் போகாது. இப்போது என்ன நடக்கும்? சித்திக்கு 38 வயது ஆகும். படிவம் நகரும். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பிழையே இல்லாத அழகான தரவு கிடைக்கும். காகிதமாக இருந்திருந்தால் 31 என்ற உண்மையாவது பதிவாகியிருக்கும்.

அதனால் வழியை முழுதாக மறிக்கும் விதியை, நடக்கவே முடியாத விஷயங்களுக்கு மட்டும் வையுங்கள். வயது மைனஸ் ஆக முடியாது, மாதம் 13 ஆக முடியாது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் "உறுதியா?" என்று கேட்டுவிட்டு, காரணம் எழுத ஓர் இடம் கொடுத்து, போக விட வேண்டும். எச்சரிக்கை வாசகத்தையும் அந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்வதாக எழுதுங்கள். "அம்மாவுக்கும் மகனுக்கும் 6 வயதுதான் வித்தியாசம் வருகிறது. பெற்ற தாயா, சித்தியா என்று கேட்கவும்" என்று வந்தால் ஒரு புதிய உண்மை கிடைக்கும். "தவறான மதிப்பு" என்று வந்தால் ஒரு பொய் கிடைக்கும். "தெரியாது", "சொல்ல விரும்பவில்லை" என்ற இரண்டு பொத்தான்களும் எல்லாக் கடினமான கேள்வியிலும் இருக்கட்டும். அவை இல்லாத படிவத்தில் எல்லோருடைய நிலத்துக்கும் ஒரு விலை இருக்கும், அந்த விலையை யார் சொன்னார்கள் என்றுதான் தெரியாது.

இனி கேள்வியின் தமிழ். "கடந்த 7 தினங்களில் தங்கள் குடும்பத்தினரால் நுகரப்பட்ட பால் மற்றும் பால் பொருட்களின் அளவு யாது?" இதை எந்த வாசலிலும் யாரும் வாய்விட்டுப் படிக்க மாட்டார்கள். மனதுக்குள் மொழிபெயர்த்துத் தன் சொந்த வார்த்தையில் கேட்பார்கள். பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்பார்கள், ஒருவர் வாங்கியதைக் கேட்பார், இன்னொருவர் செலவானதைக் கேட்பார். "போன ஏழு நாளில் வீட்டில் எவ்வளவு பால் செலவானது? வாங்கினது எவ்வளவு, வீட்டு மாட்டுப் பால் எவ்வளவு?" என்று பேசும் மொழியில் இருந்தால் எல்லோரும் அதையே படிப்பார்கள். சோதிப்பது சுலபம்: எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், நாக்கு தடுக்கினால் மாற்றுங்கள்.

பெயரைக் கேள்விக்குள் தானாகச் சேர்க்கும் வசதி நல்லதுதான். ஆனால் ஆங்கிலப் படிவத்திலிருந்து அப்படியே எடுத்தால் தமிழில் வேற்றுமை உருபு முறைக்கும். "முருகன்க்கு எத்தனை வயது?", "கீதாக்கு வங்கிக் கணக்கு உண்டா?" என்றெல்லாம் திரையில் வந்தால் படிப்பவருக்கே கூச்சமாக இருக்கும். பெயரைத் தனியாக முன்னால் நிறுத்துங்கள்: "முருகன் – இவருக்கு எத்தனை வயது?" குழந்தைகளுக்குக் கேள்வியை வேறாக எழுதிவிடுங்கள். ஆறு மாதக் குழந்தையைப் பற்றி "இவர் தாய்ப்பால் குடிக்கிறாரா?" என்று கேட்டால் வீடே சிரிக்கும். பெயருக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

தேதியும் அளவும் திரை உண்மையிலேயே உதவக்கூடிய இடங்கள். "கடந்த ஏழு நாட்கள்" என்பதற்குப் பதில், போன செவ்வாய் முதல் நேற்று திங்கள் வரை என்று அன்றன்றைக்குக் கணக்கிட்டுக் காட்ட டேப்பால் முடியும், காகிதத்தால் முடியாது. பிறந்த தேதிக்கு நாட்காட்டிப் பெட்டியைத் திறந்து 1958 வரை விரலால் தள்ளச் சொல்வது கொடுமை. நான்கு இலக்க ஆண்டை எண் பலகையில் தட்டச் சொல்லலாம். "ஆவணிக் கடைசியில பொறந்தான்" என்று ஒரு பாட்டி சொன்னால் அது செப்டம்பர் முதல் பாதி. தமிழ் மாதத்தைத் தட்டினால் ஆங்கில மாதத்தைப் பரிந்துரைக்கும் ஒரு சின்னப் பட்டியல் போதும், யாரும் மனக்கணக்குப் போட வேண்டாம். நாள் தெரியாது என்றால் விட்டுவிட அனுமதியுங்கள். இல்லாவிட்டால் ஊரில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்திருப்பார்கள்.

நிலம் தஞ்சைப் பக்கம் மாவிலும் குழியிலும் சொல்லப்படும்: 100 குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட். மற்ற மாவட்டங்களில் சென்ட், ஏக்கர். பூவை முழத்தில் வாங்குகிறோம், பாலை அரை லிட்டர் பாக்கெட்டில். எண்ணையும் அலகையும் தனித்தனியாக, சொன்னபடியே பதிவு செய்து, மாற்றிக் கணக்கிடும் வேலையைக் கருவியிடம் விடுங்கள். ஹெக்டேர் என்று ஒரே கட்டம் வைத்தால் தசமப்புள்ளி எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

நீளத்தைப் பற்றி ஒரு நல்ல உதாரணம் நம்மிடமே இருக்கிறது. 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை நடந்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் 405 பொருட்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் கேட்காமல் உணவு, அன்றாடப் பொருட்களும் சேவைகளும், நீடித்து உழைக்கும் பொருட்கள் என்று பிரித்து மூன்று தனி மாதங்களில் சென்றார்கள். மூன்று முறை போவது செலவுதான். ஆனால் களைத்துப்போனவர் சொல்லும் 380-ஆவது பதிலின் மதிப்பை நினைத்தால் அது வீண் செலவல்ல.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. இருண்ட பின்னணி அறைக்குள் அழகு, வெயிலில் வெறும் கண்ணாடி. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. படிக்க வேண்டிய வாசகம் ஒரு நிறம், பணியாளருக்கான குறிப்பு வேறு நிறம். சாய்வெழுத்து தமிழுக்கு ஒத்துவராது. நின்றுகொண்டு ஒரு கையில் பிடிப்பார்கள், பொத்தான் கட்டைவிரலுக்கு எட்ட வேண்டும். தமிழில் தட்டச்சு செய்யும் இடங்களைக் குறைத்து, தொழில் போன்றவற்றுக்கு ஒரு வரி எழுதவிட்டு, அதற்கான எண் குறியீட்டை அலுவலகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமலே முழுப் படிவமும் ஓட வேண்டும். பால் பொங்கும், ரேஷன் கடைக்கு அரிசி வந்துவிட்டதாகச் செய்தி வரும், பேட்டி பாதியில் நிற்கும். மாலையில் திரும்பி வந்தால் விட்ட இடத்தில் திறக்க வேண்டும். முந்தைய பதிலொன்றைத் திருத்தியதும் பின்னால் பதிந்த பத்துப் பதில்கள் சொல்லாமல் கொள்ளாமல் அழிந்தால், அடுத்தமுறை அவர் தவறைக் கண்டாலும் திருத்தவே மாட்டார்.

திரை பெரிதாக இருப்பதற்கு ஓர் ஆபத்தும் உண்டு: பக்கத்தில் நிற்கும் மாமியாருக்கும் அது தெரியும். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் குடும்ப வன்முறைக் கேள்விகளை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமை கிடைத்தால் மட்டும் கேட்பது விதி. அப்படிப்பட்ட பகுதிக்குத் தலைப்பில் "வன்முறை" என்று கொட்டை எழுத்தில் போடாதீர்கள். யாராவது உள்ளே வந்தால் ஒரே தட்டில் சாதாரணக் கேள்விக்குத் தாவ வழி வேண்டும். "தனிமை கிடைக்கவில்லை" என்று பதிந்துவிட்டு வெளியேறவும் முடிய வேண்டும், அதற்காக யாரும் அவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது.

சோதனை ஓட்டத்தை அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் கேட்டு முடித்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் எழுத்துப்பிழை கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. செயலி செய்தவரே ஒரு வீட்டுத் திண்ணையில், வாயைத் திறக்காமல், பணியாளரின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அவர் எங்கே தயங்குகிறார், எந்தக் கேள்வியைப் படிக்காமல் தாண்டுகிறார், எந்த இடத்தில் தலை நிமிராமல் இருக்கிறார் என்பதெல்லாம் அரை நாளில் தெரிந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் எடுத்த நேரத்தைச் செயலி குறித்துவைக்கும். நாற்பது சொல் உள்ள கேள்விக்கு இரண்டு விநாடியில் பதில் வந்தால் அது படிக்கப்படவில்லை என்று பொருள். ஆனால் அந்த நேரக் கணக்கை வைத்து ஆளைத் தண்டித்தால், திரையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கக் கற்றுக்கொள்வார்கள். கேள்வியைத் திருத்த மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

களத்துக்குப் போன பிறகும் திருத்தம் வரத்தான் செய்யும். ஒவ்வொரு கேள்வியிலும் பணியாளர் குறிப்பு எழுத ஓர் இடமும், அன்றன்று இரவு அதைப் படிக்க ஓர் ஆளும் வேண்டும். ஆளில்லாத குறிப்புப் பெட்டி மூன்றாம் நாளே காலியாகிவிடும். புதிய விடை சேர்க்க வேண்டியிருந்தால் பட்டியலின் கடைசியில் புதிய எண்ணோடு சேருங்கள், இருக்கிற எண்களைத் தள்ளிப்போடாதீர்கள். நடுவில் நுழைத்து எண்களை மாற்றிவிட்டால், முதல் வாரத்தில் விறகடுப்பு வைத்திருந்த ஊரெல்லாம் இரண்டாம் வாரத்தில் சாண எரிவாயுவுக்கு மாறியிருக்கும், அதைப் பாராட்டி யாராவது அறிக்கையும் எழுதிவிடுவார்கள்.