ஃபூல்: விதூடகனா, கோமாளியா, பேதையா?

ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் ஒலிவியா என்றொரு சீமாட்டி. சகோதரன் இறந்த துயரத்தில், ஏழு ஆண்டுகள் முகத்திரையை விலக்குவதில்லை என்று உறுதி பூண்டிருக்கிறாள். அவள் வீட்டில் பாடவும் சிரிக்கவைக்கவும் அமர்த்தப்பட்டவன் ஃபெஸ்டே. அந்த வேலைக்காரனுக்கு ஆங்கிலத்தில் 'ஃபூல்' என்று பெயர்; முட்டாளுக்கும் அதே சொல்தான். சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ திரிந்துவிட்டுத் திரும்பியவனைக் கண்டதும், "இந்த ஃபூலை வெளியே கொண்டுபோங்கள்" என்கிறாள். அவனோ அங்கு நிற்கும் ஆட்களைப் பார்த்து, "காதில் விழவில்லையா? அம்மணியை வெளியே கொண்டுபோங்கள்" என்கிறான். பிறகு, அவள்தான் ஃபூல் என்பதை மெய்ப்பிக்க அனுமதி கேட்கிறான்.

"அம்மணி, நீ ஏன் துக்கம் காக்கிறாய்?"

"நல்ல ஃபூலே, என் சகோதரன் இறந்துவிட்டான்."

"அவன் ஆன்மா நரகத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்."

"சொர்க்கத்தில் இருக்கிறது, ஃபூலே. எனக்குத் தெரியும்."

"சொர்க்கத்தில் இருக்கும் ஆன்மாவுக்காக அழுகிறாயே, நீதான் பெரிய ஃபூல். ஐயாமாரே, இந்த ஃபூலை வெளியே கொண்டுபோங்கள்."

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தச் சொல் எவ்வளவு கடினமானது என்பது எனக்குப் புரிந்தது. ஃபெஸ்டேக்கு 'விதூடகன்' என்றும் ஒலிவியாவுக்கு 'முட்டாள்' என்றும் எழுதினேன். காட்சி செத்துப்போனது. வேலையின் பெயரும் வசைச்சொல்லும் ஒன்றே என்பதில்தான் அந்த உரையாடலின் உயிர் இருக்கிறது. இரண்டு சொல் போட்டால் பந்து வீசியவனிடமே திரும்பிப் போவதில்லை.

ஃபூல் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலம் லத்தீனின் 'ஃபோலிஸ்'. அதற்குக் கொல்லன் பட்டறைத் துருத்தி, காற்றடைத்த தோல்பை என்று பொருள். உள்ளே காற்றைத் தவிர ஒன்றும் இல்லாதவன் என்ற ஏளனம் பின்னர் ஏறியது. பிரெஞ்சில் இன்றும் 'ஃபூ' என்றால் பைத்தியக்காரன். சதுரங்கத்தில் ஆங்கிலேயர் பிஷப் என்று அழைக்கும் காய்க்கும் பிரெஞ்சில் அதே பெயர்தான்.

ஃபெஸ்டேக்கு நாடகத்தில் இன்னும் இரண்டு பட்டங்கள் உண்டு. 1623இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பில் அவன் பேச்சுக்கு முன்னால் அச்சிட்டிருப்பது 'க்ளவுன்' என்ற சொல். அந்தக் காலத்தில் அது முதலில் நாட்டுப்புறத்தானைக் குறித்தது. மேடையில் சிரிக்கவைக்கும் நடிகரின் பெயராகவும் நின்றது. மற்றொன்று 'ஜெஸ்டர்'. இது 'செயல்கள்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்தது. வீரர்களின் செயல்களைக் கதையாகச் சொல்லிப் பிழைத்தவனே முதல் ஜெஸ்டர். கேலி பேசுபவன் என்ற பொருள் பிறகு வந்தது. ஃபெஸ்டே என்ற பெயரோ நாடகம் முழுவதிலும் ஒரே ஒருமுறைதான் வருகிறது.

அந்தக் கால ஆங்கிலேயர் ஃபூல்களை இரண்டாகப் பிரித்தார்கள். பிறவியிலேயே அறிவு முதிராதவன் ஒருவன். கூர்மையான அறிவை மறைத்து வேடம் போடுபவன் மற்றவன். பெரிய வீடுகளிலும் அரண்மனைகளிலும் இரு வகையினரும் இருந்தார்கள். ஃபூல்களைப் பற்றி 1600இல் ஒரு நூலே எழுதியவர் ராபர்ட் ஆர்மின் என்ற நடிகர். அவரே ஷேக்ஸ்பியரின் குழுவில் சேர்ந்து இத்தகைய வேடங்களை ஏற்றார். ஃபெஸ்டே அவருக்காக எழுதப்பட்ட பாத்திரம் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1602 பிப்ரவரி 2 அன்று லண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தில் இந்த நாடகத்தைப் பார்த்ததாகச் சட்ட மாணவர் ஒருவர் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

இந்த இரண்டாம் வகை ஃபூலுக்குப் பேச்சுரிமை உண்டு. "அனுமதி பெற்ற ஃபூலின் பேச்சில் அவதூறு இல்லை" என்று ஒலிவியாவே சொல்கிறாள். மேலே உள்ள உரையாடலில் அவன் எசமானியை ஒருமையில் விளிக்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழில் மரியாதை கருதி 'நீங்கள்' என்று மாற்றினால் அந்த உரிமையையே பறித்துவிடுவோம். ஆனால் உரிமைக்கும் எல்லை இருந்தது: முதலாம் சார்லஸ் அரசரின் ஃபூலாக இருந்த ஆர்ச்சி ஆம்ஸ்ட்ராங், பேராயர் லாடைக் கேலி செய்து வேலையை இழந்தார்.

இனி தமிழ்ச் சொற்களைப் பார்ப்போம். விதூடகன் என்பது வடமொழி 'விதூஷக' என்பதன் தமிழ் வடிவம். அதன் வேர் 'தூஷ்': கெடுத்தல், குறை கூறுதல். நாம் சொல்லும் தூஷணையும் அதே வேரில் பிறந்ததுதான். இதை அறிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஏனென்றால் மூன்றாம் அங்கத்தில், ஆண் வேடத்தில் இருக்கும் நாயகி வயோலா "நீ ஒலிவியாவின் ஃபூல்தானே?" என்று கேட்க, ஃபெஸ்டே "நான் அவளுடைய ஃபூல் அல்ல, சொற்களைக் கெடுப்பவன்" என்கிறான். விதூஷகன் என்ற சொல்லின் வேர்ப்பொருளை, வடமொழியே அறியாத ஒரு நாடகாசிரியர் தம் பாத்திரத்தின் வாயில் வைத்திருக்கிறார்! இருந்தும் அந்தச் சொல் ஃபெஸ்டேக்குப் பொருந்தாது. வடமொழி நாடகத்தின் விதூஷகன் பெரும்பாலும் அரசனின் தோழன், அந்தணன், சாப்பாட்டுப் பிரியன். ஃபெஸ்டே கூலிக்காரன், பாடிவிட்டுக் காசுக்குக் கை நீட்டுகிறவன். வயோலா ஒரு நாணயம் கொடுத்ததும், "இது ஜோடியாக இருந்தால் குட்டி போடுமே ஐயா" என்கிறான். வட்டி குட்டி போடும் என்று பேசும் நமக்கு இதை விளக்கவே தேவையில்லை.

கட்டியக்காரன் என்று சொல்லலாமா? தெருக்கூத்தில் ராஜா வேடத்தையே நிறுத்தி 'நீ யார்' என்று கேட்கும் துணிச்சல் அவனுக்கு உண்டு. ஆனால் அவன் கூத்தை நடத்திச் செல்பவன், வருபவரை அறிவிப்பவன். கட்டியம் என்ற சொல்லே அதைக் காட்டுகிறது. மேலும் சீவக சிந்தாமணி படித்தவருக்குக் கட்டியங்காரன் என்றால் அரசனைக் கொன்று அரியணை ஏறிய அமைச்சன்தான் நினைவுக்கு வருவான்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இசை நாடகம் பார்த்தவர்களுக்கு இன்னொரு சொல் தெரியும்: பபூன். கதை தொடங்குமுன் மேடையேறிப் பாடியும் பேசியும் கூட்டத்தைத் தன் வசப்படுத்துபவர். ஆங்கிலத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றிய சொல் இது. இத்தாலிய மொழியில் கன்னத்தை ஊதிக் காட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. துருத்தியின் காற்று ஃபூலில், கன்னத்தின் காற்று பபூனில்! ஆனால் பபூன் நம்மூர் மேடைக்கே உரியவர். அவரை ஒலிவியாவின் கூடத்தில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

என் தேர்வு கோமாளி. வேலையின் பெயராகவும் வசையாகவும் ஒரே மூச்சில் நிற்கும் சொல் இதுதான். "சொர்க்கத்தில் இருக்கும் ஆன்மாவுக்காக அழுகிறாயே, நீதான் பெரிய கோமாளி" என்று எழுதிப் பாருங்கள். காட்சி எழுந்து நிற்கிறது. மடமை என்ற பொருள் கொஞ்சம் குறைகிறது, உண்மைதான். ஆனால் ஏழு ஆண்டு முகத்திரையும் அன்றாட அழுகையும் ஊர் பார்த்துச் சிரிக்கும் வேடம் என்பது கூடுதலாகக் கிடைக்கிறது. பலவண்ண உடை மேலில்தான், மூளையில் இல்லை என்று ஃபெஸ்டே தன்னைப் பற்றிச் சொல்வதும் கோமாளிக்கே பொருந்துகிறது.

அந்த உடையை அவன் மற்றவர்களுக்கும் மாட்டிவிடுகிறான். ஒலிவியா மேல் காதல் என்று பகலெல்லாம் இசை கேட்டு உருகும் ஆர்சினோ பிரபுவிடம், "தையல்காரன் உனக்கு நிறம் மாறும் பட்டில் சட்டை தைக்கட்டும்" என்கிறான். ஒரு நிறத்தில் பாவும் இன்னொன்றில் ஊடையும் ஓடி, அசைத்தால் வேறு நிறம் காட்டும் பட்டு அது. நம் மயில்கழுத்துச் சேலை அந்த வகைதான். நிலையில்லாத காதலனைச் சொல்ல இதைவிட நல்ல துணி கிடைக்காது; கடைசிக் காட்சியில் ஆர்சினோ ஒலிவியாவை விட்டு வயோலாவின் கையைப் பிடிக்கிறான்.

பிறவியால் அறிவு முதிராதவரைச் சொல்லப் பேதை என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம். "பேதைமை என்பதொன்று யாதெனின் ஏதங்கொண்டு ஊதியம் போக விடல்" என்ற குறளில் அதற்கு அறியாமையின் கண்டிப்பு இருக்கிறது. ஆனால் ஒன்றும் அறியாத சிறுமியையும் தமிழ் பேதை என்றே அழைத்தது. அங்கே இரக்கம் இருக்கிறது. ஃபூல் என்ற சொல்லிலும் அந்த இரக்கம் உண்டு. ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகத்தில் லியர் மன்னன் இளைய மகள் கோர்டீலியாவின் உடலருகே புலம்பும் வரியில் அதைக் கேட்கலாம். மகளைச் சொல்கிறானா, காணாமல் போன தன் ஃபூலைச் சொல்கிறானா என்று அறிஞர்கள் விவாதித்துக்கொண்டிருக்கும் வரி அது. அங்கே கோமாளி என்று எழுத என் கை கூசும். "ஐயோ, என் பேதையைத் தூக்கிலிட்டுவிட்டார்களே" என்றுதான் எழுதுவேன்.