பயறு வேகும்போது என்ன நடக்கிறது?

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குக் குறைந்த செலவில், வயிறு நிறையும்படியும் சத்தாகவும் இரவு உணவு சமைக்க வேண்டுமென்றால், கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, பச்சைப்பயறு என்ற வரிசையில் ஏதேனும் ஒன்றை எடுத்துக் குழம்பு வைப்பதைவிட நல்ல வழி இல்லை. 200 கிராம் கருப்புக் கொண்டைக்கடலை ஊறி வெந்தால் 400 கிராமுக்கு மேல் வரும். உலர்ந்த பயறு 100 கிராமில், வகையைப் பொறுத்து, ஏறத்தாழ 19 முதல் 24 கிராம் வரை புரதம் இருக்கிறது. அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் அது தாராளம். பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் போதுமான அளவு உண்டு. ஆகவே சோற்றையும் பயற்றுக் குழம்பையும் சேர்த்துச் சாப்பிடும்போது, இரண்டையும் தனித்தனியே சாப்பிட்டால் கிடைக்காத அளவுக்கு நிறைவான புரதம் உடலுக்குக் கிடைக்கிறது.

இருந்தும் பல வீடுகளில் பயறு அடிக்கடி அடுப்பேறுவதில்லை. இதற்கு முக்கியக் காரணம், அது எப்போது வேகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததுதான் என்று நான் கருதுகிறேன். ஒரே கடையில் வாங்கிய கடலை ஒருநாள் ஐந்து விசிலில் குழைகிறது, இன்னொரு நாள் பத்து விசிலுக்குப் பிறகும் பல்லில் நறுக்கென்று கடிபடுகிறது. இந்த மாறுபாட்டுக்குத் தெளிவான வேதியியல் காரணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால் நேரமும் எரிவாயுவும் கணிசமாக மிச்சமாகும்.

ஒரு கொண்டைக்கடலையின் தோலை உரித்தால் இரண்டு பருப்புகள் தெரியும். தாவரவியலில் இவற்றை வித்திலைகள் என்பார்கள். முளைக்கப்போகும் செடிக்கான உணவு இவற்றின் செல்களுக்குள் மாவுச்சத்துத் துகள்களாகவும் புரத உருண்டைகளாகவும் சேமிக்கப்பட்டிருக்கிறது. செங்கற்களைச் சாந்து பிணைத்து வைப்பதுபோல, இந்தச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பொருள் பெக்டின். பயறு வேகிறது என்றால் மாவுச்சத்து வேகிறது என்றுதான் பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பிக் கூழாவதற்கு 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பமே பெரும்பாலும் போதும். கொதிக்கும் நீரில் அந்த வேலை விரைவாகவே முடிந்துவிடும். தாமதத்துக்குக் காரணம் பெக்டின்தான். நீண்ட சங்கிலிகளாக உள்ள அதன் மூலக்கூறுகள் வெப்பத்தால் துண்டுதுண்டாக அறுந்து நீரில் கரைந்தால்தான் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். அரை வேக்காட்டில் எடுத்த கடலையைக் கடித்தால் அது மணல்மணலாக உடைவதும், முழுவதும் வெந்ததை விரலிடையே நசுக்கினால் வெண்ணெயாக வழுக்குவதும் இதனால்தான். முன்னதில் பற்கள் செல்களையே கிழித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பின்னதில் செல்கள் உடையாமல் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன.

எனவே பயற்றைச் சமைக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பெக்டினை எது இறுக்குகிறது, எது இளக்குகிறது?

இறுக்குவதில் முதலிடம் கால்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும். இந்த இரு தனிமங்களின் அயனிகளும் இரட்டை மின்னூட்டம் கொண்டவை என்பதால், அருகருகே உள்ள இரண்டு பெக்டின் சங்கிலிகளைக் குறுக்கே பிடித்து இணைத்துவிடுகின்றன. அப்படி இணைந்த பெக்டின் எளிதில் கரையாது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் ஊர்களில் "இந்த உப்புத் தண்ணியில பருப்பு வேகாது, நல்ல தண்ணி எடுத்துட்டு வா" என்று பெரியவர்கள் சொல்வது முழுக்க முழுக்க உண்மை. அங்கே குற்றவாளி நாவில் கரிக்கும் சோடியம் உப்பு அல்ல. அதோடு சேர்ந்து கரைந்திருக்கும் கால்சிய, மக்னீசிய உப்புகள்தான். நீரின் கடினத்தன்மை பைகார்பனேட்டால் ஏற்பட்டதாக இருந்தால், கொதிக்க வைத்தாலே அதில் பெரும்பகுதி சுண்ணாம்பாகப் படிந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொள்வது அதுதான். அத்தகைய ஊர்களில் நீரைக் கொதிக்க வைத்து, ஆறித் தெளிந்ததை மட்டும் மேலாக வடித்தெடுத்துப் பயற்றுக்குப் பயன்படுத்தினால் வேக்காட்டில் வித்தியாசம் தெரியும். சல்பேட், குளோரைடு உப்புகளால் வரும் கடினத்தன்மை கொதிக்க வைத்தாலும் போகாது. அங்கே மழைநீரோ குடிநீரோதான் வழி.

கால்சியம் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை, பயற்றுக்குள்ளேயே அது இருக்கிறது. விதைக்குள் பாஸ்பரஸைச் சேமித்து வைத்திருக்கும் பைட்டேட் என்ற சேர்மம் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்னோடு கட்டிப்போட்டு வைத்திருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் மாதக்கணக்கில் பயறு கிடக்கும்போது, விதையிலேயே உள்ள ஒரு நொதி பைட்டேட்டை மெல்லச் சிதைக்கிறது. கட்டவிழ்ந்த கால்சியமும் மக்னீசியமும் செல்களுக்கு இடையே உள்ள பெக்டினைத் தேடிச் சென்று பிணைந்துகொள்கின்றன. பழைய பயறு எவ்வளவு நேரம் ஊறினாலும் வேகாமல் அடம்பிடிப்பதற்குச் சொல்லப்படும் முதன்மையான விளக்கம் இது. மலிவாகக் கிடைக்கிறதென்று ஓராண்டுக்குத் தேவையான கடலையை மொத்தமாக வாங்கி, அடுப்புக்கு மேலே உள்ள பரணில் வைப்பது இந்த வேதிவினைக்கு ஏற்ற சூழலை நாமே அமைத்துத் தருவதாகும். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வைப்பதே நெடுநோக்கில் சிக்கனம்.

இனி இளக்கும் பக்கத்துக்கு வருவோம். ஊறவைத்த கடலையை ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பார்த்தால் அதன் தோல் சுருங்கிக் கிடக்கும். தோல் முதலில் நீரை வாங்கி விரிந்துவிடுகிறது, உள்ளே உள்ள பருப்பு இன்னும் நனையவில்லை என்பதே அதன் பொருள். மூக்கை ஒட்டிய நுண்துளை வழியாகவும் தோல் வழியாகவும் நீர் படிப்படியாக உள்ளே சென்று, பருப்பு உப்பி, அந்தச் சுருக்கங்கள் மறைய எட்டு மணி நேரம் ஆகலாம். பச்சைப்பயற்றில் சில மணிகள் மட்டும் ஊறாமலே கிடப்பதற்குக் காரணம் அவற்றின் தோல் நீரை உள்ளே விடாததுதான். அவற்றைப் பொறுக்கி எறிவதைத் தவிர வேறு வழி இல்லை. காலையில் ஊறப்போட மறந்துவிட்டால், பயற்றைக் கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் வைத்து, அடுப்பை அணைத்து மூடி ஒரு மணி நேரம் விட்டுவிடலாம். வெந்நீர் மிக வேகமாக உள்ளே புகும். நம் ஊர் வெயிலில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் நுரை கட்டிப் புளித்த வாடை வந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஊறும் நீரில் உப்புச் சேர்க்கலாமா என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து மாறும். உப்புப் போட்டால் பயறு வேகாது என்பது பரவலான நம்பிக்கை. வேதியியல் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 15 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றே குறைவான தூள் உப்பைக் கரைத்து அதில் ஊறவைத்தால், சோடியம் அயனிகள் பெக்டினிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் ஓரளவு வெளியேற்றி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சோடியத்துக்கு ஒற்றை மின்னூட்டமே உள்ளதால் இரு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்க அதனால் இயலாது. தோல் மென்மையாகிறது, வெடிக்காமல் வேகிறது, உள்ளேயும் சிறிது உப்பு இறங்குகிறது. சுத்திகரிக்காத கல்லுப்பில் மக்னீசியமும் கொஞ்சம் கலந்திருக்கும். பழைய நம்பிக்கைக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, ஒருமுறை அலசி, புது நீர் ஊற்றி வேகவைக்க வேண்டும். பயறு சாப்பிட்டால் வாயு உண்டாகக் காரணமான ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகளை நம் சிறுகுடலால் உடைக்க முடியாது. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகளே அவற்றை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. ஊறிய நீரைக் கொட்டும்போது அவற்றில் ஒரு பகுதியும் வெளியேறிவிடும்.

புளியைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும் என்ற வழக்கத்துக்கும் இதே பெக்டின்தான் காரணம். அமிலத்தன்மை கூடும்போது பெக்டின் சங்கிலி அறுபடும் வேகம் பெரிதும் குறைந்துவிடும். புளியில் டார்டாரிக் அமிலமும் தக்காளியில் சிட்ரிக் அமிலமும் உள்ளன. அரை வேக்காட்டுக் கடலையில் புளிக்கரைசலை ஊற்றிவிட்டால், அதன் பிறகு எவ்வளவு கொதித்தாலும் அது அதே நிலையிலேயே ஏறக்குறைய நின்றுவிடும். இதே குணம் வேறு இடத்தில் உதவியாகவும் அமைகிறது: புளிக்குழம்பில் போட்ட கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கரையாமல் துண்டு துண்டாகவே நிற்பது புளியின் உபயம். சமையல் சோடா எதிர்த்திசையில் வேலை செய்யும். காரத்தன்மையில் பெக்டின் விரைவில் சிதையும். ஆனால் பயற்றில் உள்ள தயமின் என்ற பி1 வைட்டமினைச் சோடா அழித்துவிடும், அளவு கூடினால் சோப்பு வாடையும் வரும். உப்பு நீரில் ஊறவைத்த பயற்றுக்குச் சோடா தேவையே இல்லை.

மிச்சமிருப்பது வெப்பம். கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும், அதற்குமேல் எவ்வளவு தீ வைத்தாலும் அதன் வெப்பநிலை ஏறாது. 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அங்கே பயறு வேகவைப்பது பெரும்பாடு. பிரான்சில் பிறந்த தெனி பப்பான் 1679இல் மூடிய பாத்திரத்தில் நீராவியை அடைத்து எலும்பையே மென்மையாக்கிக் காட்டினார். அது வெடிக்காமல் இருக்க அவர் அமைத்த பாதுகாப்பு வால்வின் வழித்தோன்றலே இன்று நம் குக்கரின் மேல் உட்காரும் வெயிட். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ இன்னொரு மடங்கு அழுத்தம் உள்ளே சேரும்போது நீரின் கொதிநிலை சுமார் 120 டிகிரிக்கு உயர்கிறது. வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் வேதிவினை ஏறத்தாழ இரட்டிக்கும் என்ற பொது விதிப்படி பார்த்தால், இருபது டிகிரிக்கு நான்கு மடங்கு வேகம். ஊறிய கடலை திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுப்பதும், குக்கரில் கால் மணி முதல் இருபது நிமிடத்தில் முடிவதும் இந்தக் கணக்கோடு பொருந்துகின்றன.

எரிவாயுச் செலவில் நாம் அதிகம் கவனிக்காத ஓர் இடம் உண்டு. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 290 கிலோஜூல் ஆற்றல் போதும். அதே ஒரு லிட்டரை முழுவதும் ஆவியாக்க வேண்டுமானால் 2,250 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். இது ஏழு மடங்குக்கும் அதிகம். அடுப்பில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆவியாகிப் போகும் ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் சுமார் 70 முதல் 80 கிராம் எரிவாயு செலவாகிறது. திறந்த பாத்திரத்தில் தளபுளவென்று கொதிக்கவிடுவது பயற்றை விரைவாக வேகவைப்பதில்லை, சமையலறையை ஆவியால் நிரப்புவதோடு சரி. குக்கரிலும் இதே நியாயம் பொருந்தும். விசில் என்பது மிகையான ஆவி வெளியேறும் ஓசை. உள்ளே அழுத்தம் நிறைந்துவிட்டது என்று அது சொல்கிறதே ஒழிய, ஒவ்வொரு விசிலும் பயற்றை ஒரு படி வேகவைப்பதில்லை. தீயின் அளவு, நீரின் அளவு, குக்கரின் கொள்ளளவு ஆகிய எல்லாவற்றையும் பொறுத்து விசிலின் எண்ணிக்கை மாறும். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து, அதன் பிறகு நிமிடத்தைக் கணக்கிடுவதே சரியான முறை. அடுப்பை அணைத்த பிறகும் அழுத்தம் தானாக இறங்கும்வரை வேக்காடு தொடரும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் கடலைக்குள் இருக்கும் நீர் சட்டென்று கொதித்துத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியேறும்.

பயற்றில் உள்ள புரதமும் சப்போனின்களும் நுரை கட்டுபவை என்பதால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. வேகும்போது சிறிது எண்ணெய் விடும் வழக்கம் நுரையை அடக்கி, ஆவித்துளை அடைபடாமல் காக்கிறது. கீழே கடலை, மேல் தட்டில் அரிசி, அதற்கும் மேலே இரண்டு உருளைக்கிழங்கு என்று அடுக்கினால், ஒரே தீயில் மொத்த உணவுக்கும் அடிப்படை தயாராகிவிடும். சிவப்பு ராஜ்மாவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அதில் உள்ள லெக்டின் என்ற புரதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கக்கூடியது, கொதிநிலையில் நன்கு வெந்தால்தான் அழியும். கொதிநிலையை எட்டாத மெதுவான சூட்டில் நெடுநேரம் வைப்பது அதற்குப் போதாது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில் வேகவைப்பதே பாதுகாப்பானது.

வெந்த கடலையில் ஒரு கைப்பிடியை மத்தால் மசித்து, வேகவைத்த நீரோடு வதக்கிய வெங்காயத்திலும் மசாலாவிலும் சேர்த்தால், உடைந்த செல்களிலிருந்து வெளிவரும் மாவுச்சத்தே குழம்பைக் கெட்டியாக்கும். தேங்காய் அரைத்து ஊற்றும் செலவு அவசியமில்லை. புளியையோ தக்காளியையோ இந்தக் கட்டத்தில் சேர்க்கலாம். பரிமாறும்போது எலுமிச்சைச் சாறு பிழிந்தால், அதிலுள்ள வைட்டமின் சி பயற்றின் இரும்புச்சத்தை உடல் கூடுதலாக ஏற்கச் செய்யும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தப் பயன் குறைந்துவிடும். மீந்த குழம்பைக் குளிர்பெட்டியில் வைத்தால், ஆறிய மாவுச்சத்து மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி அணிவகுப்பதால் மறுநாள் அது இறுகியிருக்கும். அரைக் குவளை வெந்நீர் ஊற்றி ஒரு கொதி விட்டால் சப்பாத்திக்கோ தோசைக்கோ பதமாக இளகிவிடும்.